பச்சை வண்டியும் ஒன்பதாவது வளைவும்

சித்திரை மாதத்து மத்தியானத்தில், தெருவே வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நேரத்தில், சங்கரேஸ்வரியின் வீட்டு வாசலில் மூடுபனி இறங்கியபோது, அவள் செய்த முதல் காரியம் மாடிக்கு ஓடிப்போய்க் காயப்போட்டிருந்த வடகத்தை வாரி எடுத்ததுதான். பனி எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. வடகம் நமத்துப்போனால் வருஷம் பூராவும் அதன் முகத்தில் விழிக்க வேண்டும். பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்து பார்த்தால், கார் என்று ஒன்று என்றைக்குமே நின்றிராத கார் ஷெட்டில் அவள் வீட்டுக்காரர் ஜெயக்கொடி தன் பழைய பச்சை மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் ஏற்றிக் கியரில் போட்டிருந்தார். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றச் சுற்ற, அதன் அடியிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பனி கிளம்பி, கேட்டைத் தாண்டித் தெருவில் தன்பாட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்தது.

புகையா என்று கேட்டாள். புகையென்றால் சுடும், இது குளிர்கிறது, தொட்டுப் பார் என்றார் அவர். தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்தது. ஏலக்காயும் ஈரமண்ணும் கலந்த வாசனை அடித்தது. அந்த வாசனையை அவளுக்குத் தெரியும், அதனால்தான் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

இந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஊர் பிழைப்பதே வெயிலில்தான். தீப்பெட்டிக் குச்சி காய வேண்டும், வெடிக்குச் சுற்றும் காகிதக் குழாய் காய வேண்டும், காலண்டருக்கு அச்சடித்த தாள் காய வேண்டும், காய்ந்தால்தான் அடுப்பில் உலை. மற்ற ஊரில் மேகம் கறுத்தால் குழந்தைகள் வெளியே ஓடும், இங்கே பெண்கள் மாடிப்படியில் ஓடுவார்கள். நாடெல்லாம் தீபாவளி கொண்டாடுகிற நாளில் இந்த ஊர் அலுத்துப்போய்ப் படுத்திருக்கும். மறுநாள்தான் ஊருக்கு விடுமுறை. வருஷம் பூராவும் அடுத்தவர் சந்தோஷத்துக்குக் குழாய் சுற்றிய கைகள் அன்றைக்குத்தான் தங்கள் சட்டைக்கு இஸ்திரி போடும். வேனும் பஸ்ஸுமாகக் கொடைக்கானலுக்கும் தேக்கடிக்கும் கன்னியாகுமரிக்கும் போய், தெருவில் நாய்கள் மட்டும் மிஞ்சும்.

அப்படி ஒரு விடுமுறையில், இருபது வருஷத்துக்கு மேலாகிறது, ஆப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஜெயக்கொடி, வேனில் போனால் அடுத்தவன் நிறுத்துகிற இடத்தில்தான் இறங்க வேண்டும் என்று சொல்லி, இந்தப் பச்சை வண்டியிலேயே பெண்டாட்டி பிள்ளையோடு மேகமலைக்குப் புறப்பட்டார். அஞ்சு வயசுக் கார்த்தீஸ்வரன் முன்னால் பெட்ரோல் டேங்கின் மேல் துண்டு விரித்து உட்கார்ந்தான், சங்கரேஸ்வரி பின்னால் ஒருபக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்தாள், இரண்டு பைகள் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கின. சின்னமனூர்த் திராட்சைத் தோட்டம், அடிவாரத்து டீக்கடை, பிறகு மலைமேல் கொண்டையூசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுக்குச் சற்று முன்னால், பாதை கொஞ்சம் அகலமாக இருந்த ஒரு இடத்தில், வண்டி விக்கி விக்கி அணைந்துபோனது. ஜெயக்கொடி ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றித் துடைக்க இறங்கப் போனார். அப்போது மேலேயிருந்து மரம் ஏற்றிய லாரி ஒன்று, பிரேக் போய், ஹாரனை அமுக்கிய கை எடுக்காமல், பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவே லாரி ஒன்று மட்டுமே போகிற குறுகலை அடைத்துக்கொண்டு இறங்கி வந்து, இவர்களை ஒரு முழ இடைவெளியில் தாண்டிப் போயிற்று. வண்டி அணையாமல் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் அந்தக் குறுகலுக்குள் இருந்திருப்பார்கள்.

இதை வீட்டில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். பிளக் கரி பிடித்து அடைத்ததால்தான் மூன்று பேரும் பிழைத்தோம், அந்தப் பிளக்குக்குக் கோயில் கட்ட வேண்டும் என்பார் ஜெயக்கொடி. சங்கரேஸ்வரி கட்சி வேறு. அவர் இடுப்பைச் சுற்றிக் கையை நீட்டிப் பிள்ளையின் சட்டையைப் பிடித்தவள், அடிவாரத்திலிருந்து அந்தப் பிடியை ஒரு நொடியும் விடவில்லை, லாரிக் காற்றில் பிள்ளை பள்ளத்தில் விழாமல் நின்றது அந்தப் பிடியினால்தான் என்பாள். அதற்குப் பிறகும் அவள் பிடியை விடவில்லை என்பது தெருவுக்கே தெரியும். பையனைச் சைக்கிளில் ஏற்றவில்லை, கல்லூரி ஹாஸ்டலில் சேர்க்கவில்லை, நண்பர்களோடு குற்றாலத்துக்கு அனுப்பவில்லை. அவன் எப்படியோ புனேயில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போனபிறகு, காலை மத்தியானம் ராத்திரி என்று போன் போடுவாள். அவன் மூன்றில் ஒன்றை எடுப்பான்.

ஜெயக்கொடி ஓய்வு பெற்று வந்த மறுநாளே, பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பச்சை வண்டியை உருட்டி வந்து பிரித்துப் போட்டார். வண்டியைச் செய்த கம்பெனியை இழுத்து மூடி ஒரு காலமாயிற்று. அதனால் ஒவ்வொரு சாமானுக்கும் மதுரை, ஈரோடு, கோயம்புத்தூர் என்று அலைந்தார். கிடைக்காததைக் கடைசல் பட்டறைக்குக் கொடுத்துச் செய்து வாங்கினார். நட்டும் போல்ட்டும் இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக உட்கார்ந்தன, சங்கிலி அவளுடைய குழம்புச் சட்டியில் மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டு ஊறியது, பாத்திரம் தேய்க்கிற நாரில் கிரீஸ் மணத்தது. அவள் கத்திப் பார்த்தாள், பிறகு வேறு பாத்திரம் வாங்கிக்கொண்டாள். மனுஷன் தெருமுனையில் உட்கார்ந்து அரசியல் பேசாமல் வீட்டோடு கிடக்கிறாரே என்ற நிம்மதி அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது.

வண்டி உயிர் பெற்ற முதல் நாள் ஷெட்டில் திராட்சைத் தோட்டத்துக் காற்று வீசியது, மருந்தடித்த கொடியின் நெடியோடு. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் இஞ்சி டீ வாசனை வந்தது. சக்கரம் சும்மா நின்ற இடத்தில்தான் சுற்றுகிறது, ஆனால் அந்தப் பழைய பயணம் சின்னமனூரைத் தாண்டி அடிவாரத்துக்கு வந்துவிட்டது. டீக்கடை வந்ததும் அன்றைக்குப் போலவே ஜெயக்கொடி தன்னையறியாமல் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அணைந்தும் டீ ஆற்றுகிற சத்தமும் ஆட்டுமணிச் சத்தமும் கொஞ்ச நேரம் நடந்துகொண்டே இருந்தன. மூன்றாம் நாள் முதல் வளைவும், வடகத்துக்கு ஆபத்தாகப் பனியும் வந்தன. பாதியில் சாவியைத் திருப்பி நிறுத்தினால் மலையும் அப்படியே நின்றுவிடும், அரைக் கூவலில் நின்ற பறவை மறுநாள் வண்டியைக் கிளப்பியதும் மீதியைக் கூவி முடிக்கும். அந்தப் பழைய பயணத்தில் நிஜமாக நின்ற இடத்தில் நின்றால் மட்டும்தான் மலை தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். இதெல்லாம் இரண்டு மூன்று நாளில் தெருவுக்குப் பழகிவிட்டது.

தெரு அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். காகிதக் குழாய் வேலை கொடுக்கும் ஏஜண்ட் தவசிமணி அண்ணாச்சி கல்யாண மண்டபத்திலிருந்து நாற்காலிகளை வரவழைத்துச் சுவரோரம் போட்டார். பீரோ அடியில் நாப்தலீன் உருண்டையோடு கிடந்த ஸ்வெட்டர்களும் குரங்குக் குல்லாக்களும் வெளியே வந்தன. இடுப்பு முறிந்து படுத்திருந்த ஒரு தாத்தாவைக் கட்டிலோடு தூக்கி வந்து வாசலில் வைத்தார்கள், அவர் ஆயுசில் சாத்தூரைத் தாண்டாதவர், பனியைக் கையால் அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டு சிரித்தார். வேலை முடிந்த பெண்கள் மூன்று மணிக்கு முகம் கழுவிப் பூ வைத்து வந்து உட்கார்ந்து, நாளைக்கு ஒரு வளைவு வீதம் மலை ஏறினார்கள். எதிர்வீட்டு மாரிக்கனி, குழாய் சுற்றிச் சுற்றிப் பசையிலேயே விரல் நுனி தேய்ந்தவள், மதினி, எங்களை ஊட்டி கீட்டிக்கு யாரு கூட்டிப் போறா, ஒங்க வீட்டு வாசலே போதும் என்று சங்கரேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயக்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. மிஷின் ஓட்டிய காலத்தில் அவரை யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை.

ஏழாவது வளைவு முடிந்த வெள்ளிக்கிழமை காலையில் சங்கரேஸ்வரி குளிக்கும்போது காலில் மஞ்சள் பூசினாள். வலது கெண்டைக்காலில், இருபது வருஷமாகக் கை நின்று தடவிப் போகிற இடத்தில், கை வழுக்கிக்கொண்டு போனது. அங்கே ஒரு தீத்தழும்பு இருந்தது, கோவைக்காய் அளவுக்கு. அடிவாரத்து டீக்கடையில் வண்டியின் பக்க ஸ்டாண்ட் தளர்ந்து சரிந்து, சூட்டோடு சைலன்சர் காலில் ஒட்டிய தழும்பு. இப்போது அது இல்லை. வாசலில் கூட்டம் கூடத் தொடங்கியதிலிருந்து மஞ்சள் பூச அவளுக்கு நேரமில்லை, அது எந்த நாளில் போனதோ. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றும்வரை அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த சொம்பில் புரிந்துவிட்டது. ஸ்டாண்டை அவர் புதிதாக வெல்டு வைத்திருந்தார். இந்தத் தடவை டீக்கடையில் வண்டி சரியவில்லை.

ஈரத் தலையோடு ஷெட்டுக்கு வந்து நின்றாள்.

"இந்த வண்டியில பழசு என்ன மிச்சமிருக்கு?"

"ஒண்ணுங் கெடையாது," என்றார் ஜெயக்கொடி, துணியால் டேங்கைத் துடைத்துக்கொண்டே. "நெனச்சுப் பாரு, கடையிலருந்து எறக்குன மாதிரி நிக்கிது."

"பிளக்கு?"

அவர் கை டேங்கின் மேலேயே நின்றுவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் எட்டாவது வளைவை ஓட்டி முடித்துவிட்டு, தெருவிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியை நிறுத்தினார். ஆனால் எட்டாவது வளைவில் மேகத்துக்குள் நுழைந்தாயிற்று. அதுவரை வண்டியை அணைத்த கொஞ்ச நேரத்தில் பனி கலைந்துவிடும், இப்போது கலையவில்லை. மேகத்துக்குள் நிறுத்தினால் மேகத்துக்குள்ளேயேதான் நிற்க வேண்டும். மறுநாளும் நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது. அக்கினி நட்சத்திரத்தில் ஊரெல்லாம் வெயில் பொரிந்துகொண்டிருக்க, இந்த ஒரு தெருவில் மட்டும் பகலில் விளக்கு எரிந்தது.

காகிதக் குழாய்கள் பிரிந்து வாய் விட்டன. தீக்குச்சிகள் வளைந்தன, அடுக்கி வைத்த அட்டைகளில் பச்சைப் பூசணம் பூத்தது, வந்த மூலப்பொருள் எல்லாம் ஈரத்தில் கனத்தது. பெண்கள் குழாய்களைத் தோசைக்கல்லில் புரட்டிக் காய வைத்தார்கள், இஸ்திரிப் பெட்டியால் ஒத்தி எடுத்தார்கள். குழந்தைகளுக்குச் சளி பிடித்தது. ஸ்வெட்டர்கள் காயாமல் நாற்றமடித்தன. தவசிமணி அண்ணாச்சி வந்து, தம்பி, ஏறின மலையை ஏறி எறங்கிட்டா பனி விட்டுரும்லா, இல்லேன்னா அப்படியே பின்னால எறக்கிருங்க என்று பணிவாகத்தான் சொன்னார். இந்த வண்டிக்குப் பின்பக்கம் போகிற கியர் இல்லை என்று ஜெயக்கொடி விளக்க வேண்டியிருந்தது.

சங்கரேஸ்வரி பொறுக்க மாட்டாமல் மாரிக்கனியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தழும்பு போனதைக் காலைத் தூக்கிக் காட்டினாள். இந்தத் தடவை வண்டி அணையாமல் குறுகலுக்குள் ஏறிவிட்டால், அங்கே புனேயில் இருக்கிற என் பிள்ளை இருப்பானா, இல்லை அஞ்சு வயசோடு போய்விட்டவனாக ஆகிவிடுவானா, என்னிடம் அவன் போட்டோகூட மிஞ்சுமா என்று கேட்டாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. அதன்பிறகு ஓட்டச் சொல்லி யாரும் வரவில்லை. பிள்ளை விஷயத்தில் ஒருத்தரும் வாய் திறக்கத் துணியவில்லை, ஆனால் குழாய்க் கூடையைச் சுமந்து அவள் கேட்டைத் தாண்டும்போது எல்லாரும் ஒரு தடவை உள்ளே பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பார்வை அவளுக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஜெயக்கொடி மெழுகுவர்த்திப் புகையில் பிளக்குகளைக் காட்டிக் கரி ஏற்றி, சக்கரம் சுற்றாமல் எஞ்சினை மட்டும் கிளப்பிப் பார்த்தார். ஒன்று கிளம்பவே இல்லை, இன்னொன்று அணையவே இல்லை. சரியான இடத்தில் விக்கி அணைகிற அளவுக்குக் கரி எவ்வளவு என்று எந்த மெக்கானிக்குக்குத் தெரியும். அவருக்குச் சோறு இறங்கவில்லை. சங்கரேஸ்வரிக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் ஹாரன் கேட்டது. விடியும் முன்னே போன் போட்டு, பிள்ளை குரல் வருகிறதா என்று பார்ப்பாள். அவன் இப்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்தான்.

"இங்கயும் குளிருதும்மா," என்றான் ஒருநாள். "ஆபீஸ்ல எல்லாரும் வேர்த்து வடியிறாங்க. எனக்கு மட்டும் விரலெல்லாம் மரத்துப்போகுது."

அவன் பேசி முடித்த இடைவெளியில், புனேக்குப் போட்ட அந்தப் போனுக்குள், அரைக் கூவலோடு நிற்கும் பறவை எதுவோ மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போல ஒரு அமைதி இருந்தது. அவள் நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நான் வந்து சேருகிறவரை வண்டியைத் தொடாதீர்கள் என்று சொன்னான்.

பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலிலிருந்து தெருப் பனிக்குள் அவன் நுழைந்தபோது மாரிக்கனிதான் முதலில் பார்த்தாள். தாடியும் தோள்பையுமாக வளர்ந்த பிள்ளை. நேரே ஷெட்டுக்குப் போய், டேங்கின் அடியில் குனிந்து பார்த்து, நிமிர்ந்து காலைத் தூக்கி, பெட்ரோல் குழாயின் சின்னப் பித்தளைத் திருகைக் குதிகாலால் தொட்டுப் பார்த்தான். கால் இப்போது பெரிதாகியிருந்தது, அதற்கு எட்டுவது சுலபமாக இருந்தது.

"பிளக்கு இல்லப்பா. நாந்தான் டேப்ப மூடுனேன்."

பழைய வண்டி நிறுத்திய இடத்தில் பெட்ரோலைக் கசியவிடும் என்பதால், வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் டேப்பைக் குதிகாலால் தள்ளி மூடுவதும், கிளம்பும்போது திறப்பதும் அந்தக் காலத்தில் அவன் வேலை. அப்பா போலாமா என்றால் திறப்பான், வந்தாச்சு என்றால் மூடுவான். வண்டியை நிறுத்த அந்த அஞ்சு வயசுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். மூடினாலும் உடனே நிற்காது, உள்ளே மிச்சமிருக்கிற பெட்ரோல் தீர்கிறவரை கொஞ்ச தூரம் ஓடித்தான் விக்கும். அன்றைக்கும் அப்படித்தான் விக்கியது. அப்பா பிளக்கைத் துடைத்து மாட்டிப் போலாமா என்றபோது அவன் திறந்துவிட்டான், வண்டி கிளம்பியது, அப்பா பிளக்கை மெச்சினார். அடி விழும் என்று பயந்து சொல்லாமல் இருந்தவன், பிறகு அதைச் சொல்லும் வயசைத் தாண்டிவிட்டான்.

ஏன்யா மூடினாய் என்று சங்கரேஸ்வரி கேட்டாள். அவன் அம்மாவைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தான்.

"ஒன் கை நழுவிருச்சும்மா."

"எங் கையா?"

"நீ தூங்கிட்ட. சட்டையப் பிடிச்சிருந்த கை தொளதொளன்னு போயி கீழ விழுந்துச்சு. நீ விழுந்துட்டேன்னு நெனச்சுட்டேன். அப்பாகிட்டச் சொல்ல வாய் வரல. அதான் மூடுனேன்."

தூங்கவே இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஆனால் தீபாவளிக்கு முந்தின ஒரு மாசமாக ராத்திரி பகலாக அவள் குழாய் சுற்றியிருந்தாள். விடுமுறையின் முதல் நாள், குளிர்ந்த காற்று, வீட்டுக்காரர் முதுகு. யாராக இருந்தாலும் தூங்கித்தான் போயிருப்பார்கள். இருபது வருஷமாகத் தன்னுடைய பிடிதான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். காப்பாற்றியது அந்தப் பிடி விட்டுப்போனது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவமானமா, பயமா, எதற்கு அழுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

டேப்பை எந்த இடத்தில் மூடினாய் என்று ஜெயக்கொடி கேட்டார். அதுதான் யாருக்கும் தெரியவில்லை. அவன் பாதையைப் பார்த்து மூடவில்லை, அம்மா கையை வைத்து மூடினான். முன்கூட்டி மூடினால் வேறு இடத்தில் அணைந்து மலையும் உறைந்து நிற்கும், மறுபடி கிளப்பினால் லாரியும் கூடவே கிளம்பிக் குறுகலில் வந்து சந்திக்கும். பிந்தினால் குறுகல். ஆக, அந்தக் கை எங்கே நழுவியதோ அங்கே அது மறுபடி நழுவ வேண்டும், அதற்கு அவள் மறுபடி தூங்க வேண்டும். கொலைகாரப் பாதையில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு எவள் தூங்குவாள் என்று சங்கரேஸ்வரி கேட்டாள்.

தெரு அதற்கு வழி செய்தது. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு தவசிமணி அண்ணாச்சி வீடு வீடாகப் போய் மிக்ஸியை, டிவியை, தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். கோயில் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிட்டு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். குக்கர் விசில் வந்துவிடக் கூடாது என்று பெண்கள் அடுப்பை அணைத்தார்கள். நாய்களுக்குப் பிஸ்கட் போட்டார்கள். மாரிக்கனி தன் கைக்குழந்தை அழாமலிருக்க முலைக்காம்பை அதன் வாயிலிருந்து எடுக்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தெருவில் மனுஷர் குடியேறிய நாளிலிருந்து அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை.

டேங்கின் மேல் துண்டை விரித்துத் தாடி வைத்த கார்த்தீஸ்வரன் ஏறி உட்கார்ந்தான், இரண்டு பக்கமும் முழங்கால் துருத்திக்கொண்டு நின்றது. பார்த்தால் சிரிப்பு வரும், யாரும் சிரிக்கவில்லை. அவன் தலை மறைத்ததால் ஜெயக்கொடி பக்கவாட்டில் எட்டிப் பார்த்தே ஓட்ட வேண்டியிருந்தது. சங்கரேஸ்வரி ஒருபக்கமாக ஏறி, புருஷன் இடுப்பைச் சுற்றிக் கையை நீட்டிப் பிள்ளையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். அன்றைக்கு ஒரு கைப்பிடிக்குள் அடங்கிய சட்டை, இன்று விரலுக்குக் கொஞ்சம்தான் அகப்பட்டது. வண்டி கிளம்பியது. சக்கரம் அந்தரத்தில் சுற்ற, பனி முகத்தில் வந்து மோத, கேட்டும் தெருவும் நாற்காலிகளும் வெள்ளைக்குள் மறைந்து, இடது பக்கம் பள்ளத்தின் குளிர்ந்த மூச்சு ஏறி வந்தது.

அவள் கண்ணை மூடினாள். மூடின கண்ணுக்குள் லாரி வந்தது, திறந்தாள். இறுகப் பிடித்தால் பிள்ளை போய்விடுவான், விட்டால் இருப்பான், இது அவள் புத்திக்குப் புரிந்தது, விரல்களுக்குப் புரியவில்லை. விரல்கள் தங்களுக்குத் தெரிந்ததையே செய்துகொண்டிருந்தன. வேண்டுமென்றே கையைத் தளர்த்தலாமா என்று நினைத்தாள். தளர்த்துவது வேறு, நழுவுவது வேறு, அந்த மலையை ஏமாற்ற முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. பிள்ளைக்காக என்ன கேட்டாலும் செய்திருப்பாள், நெருப்பில் நில் என்றால் நின்றிருப்பாள். தூங்கு என்று கேட்டால் என்ன செய்வாள். மேலே எங்கோ, இன்னும் வெகு தூரத்தில், ஒரு ஹாரன் தொடங்கியது.

அப்போது முன்னாலிருந்து கார்த்தீஸ்வரன், திரும்பாமல், எஞ்சின் சத்தத்துக்குள் சின்னக் குரலில் சொன்னான்.

"நான் பாத்துக்கிறேம்மா."

அவ்வளவுதான் சொன்னான். இப்படி ஒரு வார்த்தையை அவன் இதுவரை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான், புனேக்குப் போகும்போதுகூட ரயில் படியில் நின்று சொன்னான், அவள் ஒரு தடவையும் காதில் வாங்கியதில்லை. இப்போது வாங்கினாள், வேறு வழியில்லாததால் வாங்கினாள். புருஷனின் முதுகில் கன்னத்தை வைத்தாள். பெட்ரோலும் சோப்பும் வேர்வையும் மணத்தன. எஞ்சின் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டே போயிற்று, தட்டிக்கொண்டே போயிற்று, எத்தனை நாள் தூக்கம் எங்கெங்கோ நின்றிருந்ததோ அத்தனையும் வந்து அவள் இமைமேல் உட்கார்ந்தது. தூங்கக் கூடாது என்று ஒரு பழைய குரல் சொன்னது. சரி என்று சொல்லிக்கொண்டே அவள் தூங்கிப்போனாள்.

அவளை எழுப்பியது சத்தம் அல்ல, சத்தம் நின்றுபோனது. கண்ணைத் திறந்தபோது எஞ்சின் அணைந்திருந்தது. அவள் கை விரிந்து, காலியாக, காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட வாயெடுக்கும் முன், மேலேயிருந்து அந்த ஹாரன் ஒரே இழுப்பாக இறங்கியது, பனிக்குள் இரண்டு மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது, பாறையில் இரும்பு உரசும் சத்தமும் கருகிய பிரேக் நாற்றமும் ஈர மரத்தின் வாசனையுமாக, ஒரு முழ இடைவெளியில், ஒரு வீடே ஓடுவதுபோல லாரி அவர்களைத் தாண்டித் தெரு முழுக்க ஓடி, கீழே கீழே போய் அடங்கியது. நாற்காலிகள் சரிந்தன. மாரிக்கனியின் குழந்தை அழுதது. அதன்பிறகு, நாள் கணக்காக அடக்கி வைத்திருந்த மீதிக் கூவலை ஒரு பறவை கூவி முடித்தது.

கார்த்தீஸ்வரன் முன்னால் இருந்தான், தாடியோடும் துருத்திய முழங்காலோடும். ஜெயக்கொடி ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துச் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார், அவர் முதுகு குலுங்குவது அவளுக்குத் தெரிந்தது. தெரு மறுபடி பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு முகமாகத் தெரிய ஆரம்பித்தது. யாரும் கை தட்டவில்லை. மலை இன்னும் பாதி இருந்தது, ஏறி இறங்கினால்தான் வெயில்.

"அம்மா, இனிமேதான் ரோடு ரொம்ப மோசம்," என்றான் பிள்ளை. "நல்லாப் பிடிச்சுக்கோ."

அவள் கை தானாக எழுந்து அவன் சட்டை வரைக்கும் போயிற்று. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு அதைத் திருப்பிக் கொண்டுவந்து தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ போய்யா," என்றாள். "நான் சும்மாவே உக்காந்து வாரேன்."